இடிக்கு ஒரு காவல்

எங்கள் குடும்பத்தில் கடல் ஒத்துக்கொள்ளாத முதல் ஆள் நான்தான். ஊர்காவற்றுறையில் தலைமுறை தலைமுறையாகக் கடல் தொழில் செய்கிற வீட்டில் பிறந்துவிட்டு, வள்ளம் துறையை விட்டு விலகும் முன்பே வாந்தி எடுக்கிற பிள்ளையை அப்பா முதலில் டொக்டரிடம் காட்டினார், பிறகு அந்தோனியாரிடம் காட்டினார், இரண்டும் சரிவராமல் கடைசியில் தொழில்நுட்பக் கல்லூரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். கரையில் இருந்து செய்கிற வேலை ஒன்று கிடைத்துவிடும் என்று நம்பினார். கிடைத்த வேலை என்னைத் தீவு தீவாகப் படகில் ஏற்றி இறக்கும் என்று அப்பாவுக்குத் தெரியாது. அந்தோனியாருக்குத் தெரிந்திருக்கலாம், அவர் வாய் திறக்கவில்லை.

உப்புத் தண்ணீரை நல்ல தண்ணீராக மாற்றுகிற சின்ன நிலையங்கள் சில தீவுகளில் இருக்கின்றன. சனம் அவற்றைப் 'பிளான்ட்' என்றுதான் சொல்லும். அங்கே பம்ப், குழாய், மோட்டார் எல்லாவற்றுக்கும் வேறு ஆட்கள் உண்டு. என் பொறுப்பு கருவிகள். தாங்கியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, அழுத்தம் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று பார்க்கிற சின்னச் சின்னச் சாமான்களும், அவை சொல்வதைக் கொண்டுபோகிற மெல்லிய வயர்களும். பம்ப் பழுதானால் சத்தத்திலேயே ஊருக்குத் தெரிந்துவிடும். நான் பார்க்கிற சாமான் பழுதானால் ஒரு திரையில் ஒரு இலக்கம் காணாமல் போகும், அவ்வளவுதான். அதனால் என்னைப் பெரிய வேலைக்காரனாக ஒருவரும் மதிப்பதில்லை. என் மனைவியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நெடுந்தீவுப் பிளான்டை நடத்தியவர் ஒரு அக்கா. ஐம்பதை எட்டிக்கொண்டிருந்தவர், அந்தத் தீவிலேயே பிறந்து அங்கேயே கலியாணம் முடித்தவர், ஒப்பந்தத்தில் வேலை செய்பவர். நான் பார்த்த ஒப்பரேட்டர்களில் அவரைப் போல வேலையில் கண்ணாக இருந்த இன்னொருவர் இல்லை. செருப்போடு யாரும் உள்ளே கால் வைத்தால் அந்த ஆள் திரும்பிப் போகும்வரை அக்காவின் பார்வை அந்தக் காலிலேயே இருக்கும். கட்டுப்பாட்டுப் பெட்டியின் கதவில் ஒட்டி வந்த பொலித்தீனை இன்றுவரை உரிக்க விடவில்லை. விருந்தாளிகளுக்கென்று வாங்கிய கோப்பைகள் ஒரு இரும்பு அலுமாரியில் பூட்டிக் கிடந்தன. நான் எத்தனையோ தரம் போயிருக்கிறேன். எனக்குத் தேத்தண்ணி வந்தது சில்வர் பேணியில். நான் விருந்தாளியா வேலைக்காரனா என்ற கேள்விக்கு அவர் எப்போதோ முடிவெடுத்துவிட்டார்.

அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. நெடுந்தீவில் ஒரு சாமான் உடைந்தால் அடுத்தது படகில்தான் வரவேண்டும். அதனால் அங்கே பாவிப்பதைவிடப் பாதுகாப்பதுதான் பெரிய வேலை. டிவி ரிமோட்டைப் பொலித்தீனால் சுற்றுவார்கள். புது டோர்ச்சைப் பெட்டியோடு வைத்துவிட்டுப் பழையதைத் தட்டித் தட்டி எரிய வைப்பார்கள். வானம் இருண்டால் போதும், டிவியின் பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுருட்டி, மேலே ஒரு துணியும் போட்டு மூடிவிடுவார்கள். டிவி இருக்கிற விஷயம் இடிக்குத் தெரியக்கூடாதாம்.

பிளான்டின் பிரச்சினை தாங்கியில் இருந்தது. அது கட்டடத்திலிருந்து தள்ளி, கொஞ்சம் மேட்டில், வெட்டவெளியில் நின்றது. உச்சியில் நீர்மட்டம் பார்க்கிற கருவி. அங்கிருந்து ஒரு வயர் முருகைக்கல் வேலியோரமாக நீளத்துக்கு வந்து பிளான்டுக்குள் நுழையும். இடி அந்த வயரின் மேல்தான் விழவேண்டும் என்று இல்லை. பக்கத்து வெளியில் எங்காவது விழுந்தாலே, நீள வயரில் ஒரு கணம் மின்சாரம் எகிறிப் பாய்ந்து இரண்டு முனையிலும் உள்ளதைச் சுட்டுவிடும். பெரிய மோட்டாருக்கு ஒன்றும் ஆகாது. தீப்பெட்டி அளவான என் சாமான்தான் கருகும். அது கருகினால் பம்புக்குக் கண் தெரியாது; தாங்கி வற்றினாலும் தெரியாது, வழிந்தாலும் தெரியாது. முதல் தரம் கருகியபோது, காலையில் தண்ணீர்க் கான்களோடு வந்த சனத்துக்குக் குழாயில் காற்றுத்தான் வந்தது.

நான் போய்ப் புதுக் கருவி போட்டேன். அதோடு வயரின் இரண்டு முனையிலும் அரெஸ்டர் பூட்டினேன். அக்கா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி உது?"

"வாசலில நிக்கிற காவல்காரன் மாதிரி அக்கா. வயரில அளவுக்கு மிஞ்சி வாறதை மறிச்சு நிலத்துக்குள்ள இறக்கிவிடும். கொழும்பிலயும் லேசில எடுக்க ஏலாது, வெளிநாட்டிலயிருந்து வரவேணும். பத்திரம், என்ன?"

அக்கா தலையை ஆட்டினார். நான் படகைப் பிடிக்க ஓடினேன். மத்தியானத்துக்குப் பிறகு கடல் எழும்பும் என்பது என் வயிற்றுக்கு நன்றாகத் தெரியும்.

இந்த அரெஸ்டர் இரண்டு துண்டாக இருக்கும். அடிப்பாகம் வயரோடு நிரந்தரமாகப் பூட்டியது. அதன்மேல் பெருவிரல் அளவில் ஒரு துண்டு செருகியிருக்கும். உண்மையான காவல் அந்தத் துண்டுதான். ஒரு பெரிய இடியை மறித்து அது செத்துப்போனால், அதிலுள்ள சின்னப் பச்சை ஜன்னல் சிவப்பாகும். கையால் இழுத்துக் கழற்றிப் புதியதைச் செருகலாம். கழற்றியிருக்கும் நேரத்திலும் அடிப்பாகம் வழியாக இலக்கம் வந்துகொண்டேயிருக்கும், பிளான்ட் நிற்காது. இதைச் செய்தவன் கெட்டிக்காரன். ஆனால் அவன் எங்கள் தீவுகளுக்கு வந்ததில்லை.

அடுத்த இடிக்கே கருவி திரும்பவும் கருகியது. அரெஸ்டர் இரண்டும் பச்சையாக, கடையில் வாங்கின மாதிரி மினுங்கிக்கொண்டிருந்தன. நான் நிலத்தைக் குற்றம் சொன்னேன். நெடுந்தீவில் மண் என்று சொல்ல அதிகமில்லை, தோண்டினால் முருகைக்கல். அந்தக் கல்லுக்குள் மின்சாரம் எப்படி இறங்கும் என்று பெரிய ஆராய்ச்சியெல்லாம் செய்து, அரெஸ்டரின் வயர் நிலத்துக்குள் இறங்குகிற குழியைப் பெரிதாக்கி, செப்புக் கம்பி இறக்கி, கரியும் உப்பும் கொட்டி நிரப்பினேன். உப்பு வாசம் பிடித்து ஊர் மாடுகள் குழியைச் சுற்றி நின்று நக்கத் தொடங்கின. பிறகு குழிக்கு வேலி அடைத்தேன். மாடுகள் என்னைக் கண்டால் இன்றைக்கும் ஒரு மாதிரித்தான் பார்க்கும்.

மூன்றாம் தரமும் கருகியது. அரெஸ்டர் அப்போதும் பச்சை. இப்போது அரெஸ்டரையே குற்றம் சொன்னேன், போலி என்று விற்ற கடைக்காரனைத் திட்டினேன். வேறு இடத்திலிருந்து எடுப்பித்து மாற்றினேன். அதன் பிறகும் கருவி கருகியது.

இதற்குள் யாழ்ப்பாணத்தில் இருந்த எங்கள் பொறியியலாளருக்குப் பொறுமை போய்விட்டது. அவர் ஒரு பெண், என்னைவிட வயதில் இளையவர். வழமையில் என்னை 'நீர்' என்பார். கோபம் வந்தால் மரியாதை கூடி 'நீங்கள்' ஆகிவிடும்.

"நீங்கள் சொல்லுறதைப் பாத்தா நிலமும் சரி, சாமானும் சரி. அப்ப மிச்சம் இருக்கிறது ஆள்தானே?" என்றார். "அவ பெட்டியை ஈரத்துணியால துடைக்கிறாவோ என்னவோ. இந்த மாரியில இன்னொருக்கா எரிஞ்சா ரவுணிலயிருந்து ஒரு ஆளைப் போடுறன். அவவின்ர ஒப்பந்தத்தைத் திருப்பிப் போடமாட்டன்."

இதை அவர் அக்காவிடமும் சொல்லிவிட்டிருந்தார். மறைத்து வைத்துப் பேசுகிற ஆள் அல்ல அவர்.

ஐப்பசியில் ஒருநாள், மழை பலமாகத் தொடங்குமுன் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று குறிகட்டுவான் துறைக்குப் போனேன். வெயில் நன்றாக எறித்தது. நெடுந்தீவிலிருந்து வந்த படகில் அக்காவின் கணவர் இறங்கினார். மீன்பிடிக்கிறவர், அதிகம் பேசமாட்டார். அன்று நல்ல சேட்டுப் போட்டிருந்தார்.

"எங்க அண்ணை, வெளிக்கிட்டாச்சு?"

"வீடு பாக்க. மண்டைதீவுப் பக்கம் வாடகைக்கு ஒண்டு இருக்காம்."

"ஆருக்கு?"

"எங்களுக்குத்தான். அவவின்ர வேலை போனா அங்க இருந்து என்ன செய்யிறது? என்ர தொழிலை மட்டும் நம்ப ஏலாது. மண்டைதீவெண்டா அவ ரவுணுக்குப் போய் ஏதும் பாப்பா."

"அக்கா என்ன சொன்னவ?"

"ஒண்டும் சொல்லேல்லை. மாட்டுக்கு ஒரு ஆளைப் பாக்கச் சொன்னவ."

அவர் நடந்துபோய்விட்டார். எனக்கு மனம் கெட்டுப்போயிற்று. மாட்டை யாரிடமாவது கொடுப்பது என்றால் அந்தத் தீவில் அதற்குப் பிறகு பேச ஒன்றும் இல்லை. அன்று கடல் கண்ணாடி போலக் கிடந்தும் எனக்கு வாந்தி வந்தது.

பிளான்டில் அக்கா வழமை போலச் சில்வர் பேணியில் தேத்தண்ணி தந்தார். "என்ன தம்பி, இண்டைக்குக் கடல் அமைதி, எண்டாலும் உங்கட முகம் பச்சையா இருக்கு?" என்று சிரித்தார். கணவரைக் கண்டதைச் சொல்லாமல் வேலையில் இறங்கினேன். வயரை, குழியை, அரெஸ்டரை எல்லாம் அளந்து பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. குறை இல்லாத இடத்தில் திரும்பத் திரும்ப எரிந்திருக்கிறது என்பதுதான் என்னைப் பைத்தியமாக்கியது. எதையாவது பிழையாகக் காண வேண்டும் என்று ஆசைப்பட்டு, ஒன்றும் கிடைக்காமல் நிலத்தில் குந்தியிருந்தேன். அதிலேயே நேரம் போய்விட்டது, திரும்பிப் போகிற படகும் போய்விட்டது.

பின்னேரம் தெற்கே வானம் கறுத்தது. தூரத்தில் ஒரு உறுமல் கேட்டது. அப்போதுதான் ஒன்று எனக்கு உறைத்தது. இத்தனை தரம் வந்திருக்கிறேன், எல்லாம் நல்ல வெயிலில். கடல் பயத்தில் காலநிலை அறிக்கை பார்த்து வருகிறவன் நான். இடி இடிக்கும் நேரத்தில் ஒருநாளும் இந்தத் தீவில் நின்றதில்லை.

அக்கா எழும்பினார். குடையை எடுத்தார். வேகமாகத் தாங்கிப் பக்கம் நடந்தார். நான் ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். தாங்கியின் அடியில் உள்ள சின்னப் பெட்டியைத் திறந்தார், உள்ளே கை விட்டார், மூடினார், கையைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்தார். நேரே கட்டுப்பாட்டுப் பெட்டியடிக்குப் போய், பழகின கையால் அங்கேயும் ஒன்றை இழுத்து எடுத்தார். அலுமாரியைத் திறந்தார். விருந்தாளிக் கோப்பைகளுக்குப் பக்கத்தில் மடித்து வைத்திருந்த ஒரு கைலேஞ்சியை விரித்து, இரண்டையும் அதில் சுற்றி, உள்ளே வைத்துப் பூட்டினார்.

நான் அலுமாரியடிக்குப் போனேன்.

"என்னக்கா எடுத்து வைச்சனீங்கள்?"

"காவல்காரர் ரெண்டு பேரையும்."

"ஒவ்வொரு இடிக்கும் எடுக்கிறனீங்களோ?"

"ஓம்," என்றார் பெருமையோடு. "வானம் கறுத்த உடன எடுத்திடுவன். ஒருநாளும் பிந்தினதில்லை. மழை விட்டாப்பிறகு திருப்பிப் போட்டிடுவன். நீங்கள் பயப்பிடாதேங்கோ, ஒரு கீறல் விழ விடேல்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது. நிலத்தைத் தோண்டி, மாட்டோடு பகைத்து, கடைக்காரனைக் கள்ளன் என்று திட்டி, கடைசியில் காவல்காரர் மழைக்கு உள்ளே கைலேஞ்சிக்குள் படுத்திருந்திருக்கிறார்கள். சத்தம்போட்டுச் சிரித்தேன். பிறகு துறையில் நல்ல சேட்டோடு நடந்துபோன மனிதரின் ஞாபகம் வந்தது, சிரிப்பு நின்றுவிட்டது.

"அக்கா, அவை நிக்கிறதே இடிக்காகத்தான். இடி வரேக்க உள்ள எடுத்தா ஆர் மறிக்கிறது?"

அவர் என்னைப் பார்த்தார். "வெளிநாட்டிலயிருந்து வாற சாமான், பத்திரம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"சொன்னனான்."

"இடி விழுந்து அது செத்துப்போனா?"

"செத்தாப் பரவாயில்லை. சாகத்தான் அதை வைச்சிருக்கு."

"இதென்ன கதை தம்பி? சாகிறதுக்கெண்டு ஒரு சாமானைச் செய்வினமே?"

விளக்கம் சொல்ல நேரமில்லை. அலுமாரியைத் திறப்பித்து இரண்டையும் வாங்கி, ஒன்றைப் பெட்டியில் செருகிவிட்டு, மற்றதோடு தாங்கிக்கு ஓடினேன். படகைப் பிடிக்க அல்லாமல் வேறொன்றுக்காக நான் ஓடி அக்கா பார்த்தது அதுதான் முதல் தரம் என்று பிறகு சொன்னார். வாத்து மாதிரி இருந்ததாம். செருகிவிட்டுத் திரும்பி வாசலுக்குள் காலை வைக்கவும் மழை கொட்டத் தொடங்கவும் சரியாக இருந்தது. செருப்போடு உள்ளே வந்துவிட்டேன். அன்று அவர் அதைக் கவனிக்கவில்லை.

இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளை நடு அறைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, சுவரிலிருந்தும் பெட்டியிலிருந்தும் தள்ளி இருந்தோம். பெட்டியின் திரையில் தாங்கியின் நீர்மட்டம் ஒரு இலக்கமாக எரிந்துகொண்டிருந்தது. இடி கிட்டக் கிட்ட வந்தது. ஒவ்வொன்றுக்கும் அக்காவின் கை தானாக எழும்பும். ஒருமுறை முழுதாக எழும்பிப் பெட்டியை நோக்கி இரண்டு அடி வைத்தேவிட்டார்.

"இருங்கோ அக்கா!"

"கை நிக்குதில்லை தம்பி." வந்து இருந்து, இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அவற்றின் மேல் அமுக்கி இருந்துகொண்டார். "என்ர வேலை எல்லோ அங்க தொங்குது," என்றார் திரையைப் பார்த்தபடி.

அவர் 'அர்ச்சுனா அர்ச்சுனா' என்று முணுமுணுத்தார். பக்கத்தில் இருந்த நான், பூசைக்குப் போய்ப் பல காலமான நான், 'அருள் நிறைந்த மரியே' சொல்லிக்கொண்டிருந்தது எனக்கே பிறகுதான் தெரிந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் எங்காவது கேட்கிற காது ஒன்று இருந்திருக்கும்.

பிறகு விழுந்தது. வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. கண்ணாடி அதிர்ந்தது, நெஞ்சு அதிர்ந்தது. தாங்கிக்கு அங்காலே வெளியில்தான் எங்கோ விழுந்திருக்க வேண்டும். திரை ஒருமுறை கண் சிமிட்டியது. அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"பாருங்கோ தம்பி. எனக்குப் பாக்க ஏலாது."

பார்த்தேன். இலக்கம் அப்படியே நின்றது. நான் சொன்ன பிறகும் அவர் கண்ணைத் திறக்க நேரம் எடுத்தது.

மழை ஓய்ந்து, இடி கடலுக்கு அங்காலே போன பிறகு தாங்கியடிக்குப் போனோம். கருவிக்கு ஒன்றுமில்லை. அங்கே சின்னப் பெட்டியில் இருந்த காவல் துண்டின் ஜன்னல் மட்டும் சிவந்திருந்தது. அதைக் கழற்றி அக்காவின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, பையிலிருந்து புதியதைச் செருகினேன். செத்ததை அவர் அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இவ்வளவு நாளும் இது உள்ள இருந்தது," என்றார் மெதுவாக. "நாங்கள் எல்லோ வெளியில நிண்டனாங்கள்."

எனக்கு அவரைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. "அக்கா, நான் மேடத்திட்ட முந்தின சாமான் எல்லாம் போலி, இது புதுசு, இனி எரியாது எண்டு சொல்லுறன். ஆருக்கும் தெரிய வேண்டாம்," என்றேன். ஏற்கெனவே கள்ளன் என்று பெயர் எடுத்த கடைக்காரன்தானே, இன்னும் கொஞ்சநாள் அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அக்கா மறுத்துவிட்டார். "பொய் சொல்லி வேலையில இருந்தா, அடுத்த இடிக்கு நான் எதை நம்பிக் கதிரையில இருக்கிறது? மேடத்தின்ர நம்பரைப் போடுங்கோ."

போட்டேன். என் போனின் ஸ்பீக்கரைத் திறந்து நீட்ட, அக்கா எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். எப்போது கழற்றுவேன், எங்கே வைப்பேன், எந்தக் கைலேஞ்சி, எல்லாம். நடுவில் ஒரு இடத்திலும் என் பெயரை இழுக்கவில்லை. போன் அறுந்துவிட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன்.

"இண்டைக்கு இடி விழுந்ததோ?" என்று கேட்டார் பொறியியலாளர்.

"விழுந்தது மேடம். பக்கத்தில."

"இலக்கம் எனக்கு இங்க தெரியுது." பிறகு, "உங்களுக்கு அதைப் பத்திரமா வைச்சிருக்கச் சொன்னது ஆர்?"

அக்கா என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதே போதுமாக இருந்தது.

"விளங்குது," என்றார் பொறியியலாளர். "ஒருநாளும் பிந்தாமக் கழட்டின ஆள், இனி ஒருநாளும் கழட்டமாட்டா. பிளான்டை நீங்களே பாருங்கோ அக்கா. வேற ஆள் வேண்டாம். அவரிட்டப் போனைக் குடுங்கோ."

எனக்கு அன்று கிடைத்த மரியாதை வாழ்நாளில் கிடைத்ததில்லை. ஒவ்வொரு வசனத்திலும் நீங்கள், நீங்கள். "நீங்கள் ஒரு சாமானைப் பூட்டினா அது என்ன செய்யுமெண்டு முழுசாச் சொல்லிப்போட்டு வெளிக்கிட ஏலாதோ? நீங்கள் என்ன அவசரத்தில ஓடுறனீங்கள்?" கடல் எழும்பிவிடும் என்ற காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை. அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு மறுபக்கம் திரும்பி நின்றார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று நினைத்தேன்.

நான் பேசி முடித்ததும் தன் போனை எடுத்துக் கணவரை அழைத்தார். அவர் ஏதோ நீளமாகச் சொன்னார். வீட்டைப் பற்றித்தான் இருக்க வேண்டும், இரண்டு அறையா, கிணறு இருக்கிறதா என்று. அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றார். முகம் எல்லாம் நனைந்திருந்தது.

"நல்ல வீடெண்டா நல்லா இருக்கட்டும். அதில வேற ஆரும் வந்து இருக்கட்டும்," என்றார். "இல்லையப்பா, ஒண்டும் எரியேல்லை. நான் இங்கதான். நீங்கள் நாளைக்கு முதல் படகில வாங்கோ."